ஹோமப் புகையும் என் கோபுரமும்

அண்ணன் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். 'இதைச் செஞ்சது என் தங்கச்சி.' அவ்வளவுதான். நாலு பேர் முன்னால், முகம் கோணாமல், ஒரே ஒரு தடவை. அதைச் சொல்ல வாய் வராத மனிதரை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெருந்தன்மையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். என்னிடம் அது கொஞ்சம் இருந்தது, அவர்தான் தீர்த்துவிட்டார்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். எனக்கும் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை, அவருக்கும் கூடப்பிறந்த பெண் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு இணையாகத் தங்கையை நிறுத்திச் செய்கிற இணைச்சீர் இல்லாமல் தாலி ஏறாது. அவர் கல்யாணத்தில் அந்த இடத்தில் நின்றது நான்தான். பட்டுப்பாவாடை தடுக்க, பசி வயிற்றைக் கிள்ள, அண்ணனுக்காக என்று அசையாமல் நின்றேன். அந்த உறவு எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

பெரியப்பாவும் அப்பாவும் வெள்ளகோவில் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு கோயம்புத்தூர் வந்து, கணபதியில் ஒரு பவுண்டரி போட்டார்கள். பம்புக்கு வேண்டிய வார்ப்புகள் செய்வது தொழில். இருவரும் காலமான பிறகு அண்ணன் நடத்தினார். நான் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்து ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. பவுண்டரியில் உலை எரிகிற நாளெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைத் திரும்பத் துவைக்க வேண்டும்.

அந்த உலைக்குக் குப்போலா என்று பெயர். மேலே கோக் கரியையும் பழைய இரும்பையும் கொட்டினால் கீழே உருகிய இரும்பு வரும், புகைபோக்கியில் புகை போகும். அதே பவுண்டரியின் இன்னொரு ஓரத்தில் கோர் கொட்டகை. பம்பின் உட்குடைவுக்கான அச்சை, அதாவது கோரை, சிலிகேட் பசை கலந்த மணலில் பிடித்து, அந்த மணலுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பாய்ச்சினால் அது கல் மாதிரி இறுகும். அதற்கான வாயுவை சிலிண்டர் சிலிண்டராக வெளியே வாங்கினார்கள். இந்தப் பக்கம் விலைக்கு வாங்குவது, அந்தப் பக்கம் அதையே வானத்துக்கு இனாமாக விடுவது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அண்ணனிடம் சொன்னால் அவருக்கு வராது.

பிறகு வெளிநாட்டில் வார்ப்பு வாங்குகிறவர்கள், இதைச் செய்யும்போது எவ்வளவு கார்பனைக் காற்றில் விட்டீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்.

"அம்மணி, நீ படிச்சது இந்தப் படிப்புத்தான? பொகைக்கு எதாச்சும் பண்ணிக் குடு கண்ணு. வெளியாளு வந்தா நம்மள ஏமாத்திப்போடுவான்."

கண்ணு என்று கூப்பிட்டதும் நான் உருகிவிட்டேன். கல்லூரி வேலையை விட்டேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை.

நான் கட்டியது இதுதான். உலைப் புகையை முதலில் தண்ணீர்ச் சாரலில் கழுவி, கரியையும் கந்தகத்தையும் இறக்கிவிட வேண்டும். பிறகு அதை ஒரு உயரமான இரும்புக் கோபுரத்துக்குள் கீழிருந்து மேலாக அனுப்ப, மேலிருந்து ஒரு கரைசல் வழிந்து வரும். அமீன் கரைசல். கார்பன் டை ஆக்சைடை மட்டும் அது பிடித்துக்கொள்ளும், மற்றதைப் போக விடும். அந்தக் கரைசலை இன்னொரு தொட்டியில் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். விட்டதை அழுத்தி சிலிண்டரில் அடைத்துக்கொள்ளலாம். கோர் கொட்டகைக்குப் போக மிச்சமானதை ஹாலோபிளாக் போடுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் திட்டம். சிமெண்ட் இறுகும்போது அந்த வாயுவைக் குடித்துக் கல்லாகிவிடும். ஒரு தடவை கல்லுக்குள் போய்விட்டால் அது காற்றுக்குத் திரும்பாது.

எழுதும்போது நாலு வரியில் முடிந்துவிட்டது. செய்யும்போது வருஷக்கணக்கில் உயிரை வாங்கியது. கரைசல் நுரைத்துப் பொங்கும். குழாய் அரித்துப் பொத்தலாகும். கெட்டுப்போன கரைசலுக்கு அழுகிய மீன் நாற்றம், அது சேலையில் ஏறினால் இறங்காது. காந்திபுரம் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். பவுண்டரி ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே உதவினார்கள். "அம்மணி வர்றாங்க, சன்னலைத் தொறங்கடா" என்று என் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கெல்லாம் நான் அம்மணிதான், வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கடைசியில் ஒரு நாள் எங்கள் உலைப் புகையிலிருந்து வந்த வாயுவில் எங்கள் கோர் இறுகியது. நகத்தால் கீறிப் பார்த்தேன், கீறல் விழவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தன் மகளுக்குக் கல்யாணம் செய்தார். மாப்பிள்ளை ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பம், வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தவர். பவுண்டரிக்கு வெள்ளைச் சட்டையில் வந்து வெள்ளைச் சட்டையாகவே வீடு திரும்புகிற ஒரே ஆள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார். கோபுரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் கேட்டார், நானும் கேனச்சி மாதிரி மணிக்கணக்கில் விளக்கினேன். சில வாரத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் என் கோபுரத்தின் மேல் கை ஊன்றிக்கொண்டு அவர் நிற்கிற படம் வந்தது. அதை வடிவமைத்தவர் அவர்தான் என்று கீழே போட்டிருந்தது. எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

அண்ணனிடம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை ஏற்கனவே சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டியிருந்தார்.

"உம்பேரு வந்தா என்ன, மாப்பிள்ளை பேரு வந்தா என்ன அம்மணி? எல்லாம் நம்ம ஊட்டுக்குள்ளதான இருக்குது. அவருக்கும் ஒரு மருவாதி வேணுமல்ல."

இணையாக நிற்க வைக்கும்போது நான் வேண்டும், பெயர் போடும்போது வேண்டாம். அன்றைக்கு என் வயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. அதை அணைக்க நான் முயற்சி எடுக்கவில்லை, சொல்லப்போனால் ஒழுங்காகச் சாப்பாடு போட்டு வளர்த்தேன். வெங்காயம் அரியும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சாமி கும்பிடும்போதுகூட அண்ணனை எப்படிப் பழிவாங்கலாம் என்றே யோசித்தேன். ஆனைமலைக்குப் போய் அம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாமா என்று நினைத்தேன். அநியாயம் செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பார்கள். ஆனால் இதை அம்மன் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. அந்த சந்தோஷம் என் கைக்கே கிடைக்க வேண்டும் என்று பட்டது.

கோபுரத்தைக் கெடுக்கலாமா என்றும் யோசித்தேன். ஒரு வால்வைத் திருகினால் போதும். ஆனால் பெற்ற பிள்ளையை யார் அடிப்பது? அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

திறப்பு விழா ஆனி மாதத்தில் வந்தது. வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும், அவர்களுடைய சென்னை ஆபீஸிலிருந்து ஒரு தமிழ் அம்மாவும் வருவதாக ஏற்பாடு. கோபுரம் புகையைப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பெரிய ஆர்டர் உறுதி. எங்கள் ஊரில் ஒரு கிரைண்டர் வாங்கினாலே சந்தனம் குங்குமம் வைப்போம். இவ்வளவு பெரிய காரியத்துக்குக் கணபதி ஹோமம் இல்லாமலா? கோபுரத்தின் அடியிலேயே, தகரக் கொட்டகைக்குள், செங்கல் அடுக்கி ஹோமகுண்டம் கட்டினார்கள். ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்தது. விளக்கு அணைந்தால் அபசகுனம் என்று அண்ணி ஷட்டர் எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொன்னார். புகையை அடக்குகிற இயந்திரத்துக்கு, புகை வெளியே போகாதபடி கதவடைத்துக்கொண்டு பூஜை. இந்தப் புத்தி எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது.

நான் இருப்பதிலேயே நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே அண்ணி என் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்தார். விருந்தாளிகளுக்குச் சுற்றிவிட்டு, பெண்களோடு ஓரமாக நின்றுகொள்ளச் சொன்னார்கள். மாப்பிள்ளை கோட்டு போட்டு நடுவில் நின்றார்.

அங்கே ஒரு மீட்டர் உண்டு. கோபுரத்தைத் தாண்டி வெளியேறும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது காட்டும். வெளியேறும் குழாயில் துளை போட்டு ஒரு மெல்லிய டியூப் செருகியிருக்கும், மீட்டருக்குள் இருக்கும் சின்ன பம்பு அதன் வழியாக உறிஞ்சி அளக்கும். எண் இறங்கினால் கோபுரம் வேலை செய்கிறது, ஏறினால் இல்லை. நான் அதை மேலே படிமேடையில் வைத்திருந்தேன். விருந்தாளிகள் படி ஏற வேண்டாம் என்று மாப்பிள்ளை அதைக் கீழே இறக்கி, பட்டுத்துணி விரித்த மேஜையில் ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். டியூப் எட்டவில்லை. இன்னொரு துண்டை எடுத்து ஒட்டுப் போட்டிருந்தார். அந்த ஒட்டு சரியாகச் செருகாமல், வாய் திறந்தபடி, குண்டத்தின் செங்கல் மேலேயே கிடந்தது. தட்டோடு நின்ற இடத்திலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

உலையைப் பற்றவைத்தார்கள். கோபுரம் ஓடியது, கரைசல் வழிகிற சத்தத்திலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஐயர் மந்திரம் சொல்லி நெய் ஊற்றினார். தீ எழும்பியது. மீட்டரில் எண் ஏறியது. அடுத்த கரண்டி நெய், எண் இன்னும் ஏறியது. ஐயர் சமித்தைப் போட்டால் ஏறுவதும், சற்று ஓய்ந்தால் இறங்குவதுமாக இருந்தது. அந்த மீட்டர் அளந்துகொண்டிருந்தது என் கோபுரத்தை அல்ல, பிள்ளையாருக்குப் போட்ட புகையை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நிமிஷங்களில் எனக்குக் கிடைத்த இன்பத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தட்டைப் பிடித்திருந்த கை வலிக்கவே இல்லை.

வெள்ளைக்காரர் குனிந்து எண்ணைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். மாப்பிள்ளை முதலில் ஈரப்பதம் என்றார். பிறகு மீட்டர் சூடாக வேண்டும் என்றார். பிறகு கோக் கரி தரம் சரியில்லை என்றார். சென்னை அம்மா கோபுரத்துக்குள் ஓடுகிற கரைசல் என்ன சூட்டில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு மீட்டரைத் தட்டிப் பார்த்தார். பிறகு அந்த அம்மா அண்ணன் பக்கம் திரும்பி, இதை உண்மையில் செய்தது யார் என்று தமிழிலேயே கேட்டார்.

அண்ணனுக்கு மாப்பிள்ளையின் மானம் போவதைப் பார்க்க முடியவில்லை. சுற்றிலும் பார்த்தார். பெண்கள் நடுவில் நான் நின்றேன்.

"மாப்பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்றார். "இதைச் செஞ்சது பூராவும் என் தங்கச்சிங்க. அவ பேச்சை நம்பி நாங்க உட்டுப்போட்டோமுங்க."

வந்துவிட்டது. நான் வருஷக்கணக்கில் காத்திருந்த வாக்கியம், பழியாக, என் தலையில் கொட்டுவதற்காக வந்தது. கொட்டகை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் எரிந்தது, ஹோமப் புகையால் மட்டும் அல்ல. ஆனால் நான் அழவில்லை. மேஜை அருகில் போனேன்.

"அண்ணன் சொன்னது கேட்டுச்சுங்களா மேடம்? அவருக்கும் இங்கிலீஷ்ல சொல்லிப்போடுங்க."

அந்த அம்மா சொன்னார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு இன்னும் போதவில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்கண்ணா. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அண்ணனின் முகம் கறுத்தது. பவுண்டரி ஆட்கள், சொந்தக்காரர்கள், சம்பந்தி வீட்டார் எல்லாரும் கேட்கும்படி கத்தினார்.

"நீதான் செஞ்சே. ஒத்தையா நீயேதான் பூராவும் செஞ்சே. போதுமா?"

போதும் என்றேன். ஆரத்தித் தட்டை மாப்பிள்ளையிடம் நீட்டி, கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன். கோட்டோடு அவர் வாங்கிக்கொண்டார். குனிந்து, செங்கல் மேல் கிடந்த டியூப்பை எடுத்து, திறந்திருந்த வாயை முதலில் குண்டத்தின் மேல் காட்டினேன். எண் பாய்ந்து ஏறியது. பிறகு ஒட்டை அழுத்திச் செருகி, விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய், நான் எப்போதும் பார்க்கிற இடத்தில் வந்து நின்றது. ஐயர் நெய்க்கரண்டியோடு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். சென்னை அம்மாதான் முதலில் சிரித்தார், அப்புறம் வெள்ளைக்காரரும். கோர் கொட்டகை ஆள் ஒருவர் கை தட்டிவிட்டு, அண்ணனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவு பேர் முன்னால் இரண்டு தடவை சொன்னதை அண்ணன் திரும்ப வாங்க முடியவில்லை. விருந்தாளிகள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என்னோடு படி ஏறினார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் ஒரு கடையில் மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அதைவிட ருசியான தோசையை இன்றுவரை சாப்பிட்டதில்லை.

டியூப்பை நானே கழற்றிவிட்டேன் என்று அண்ணன் சொந்தபந்தத்தில் சொல்லிவைத்தார். அது பொய். நான் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன், அவ்வளவுதான், அதற்கு எனக்கு வருத்தமும் இல்லை.

அதோடு நான் பவுண்டரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சில மாதம் கழித்துக் கரைசல் நுரைத்துக் கோபுரம் நின்றபோது அண்ணன் அண்ணியோடு வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். நான் வந்து சரி செய்து, நான்தான் நடத்த வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அன்றைக்குக் கத்தியதை ஒரு தடவை நிதானமாக, குலதெய்வக் கோயில் பொங்கலில் பங்காளிகள் எல்லாரும் கூடியிருக்கும்போது சொல்ல வேண்டும். அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். அண்ணி மட்டும் செருப்பு மாட்டும்போது, செய்தது நான்தான் என்று தனக்குத் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

கோபுரம் துருப்பிடிக்க ஆரம்பித்தது. புகை பழையபடி என் மொட்டை மாடிக்கு வந்தது. மனிதர் அவ்வளவு புகையையும் ஊருக்கே விடுவார், ஒரு வாக்கியத்தை விட மாட்டார். ஆர்டரும் அவர் கையை விட்டுப் போனது.

அது போன இடம் அதே ரோட்டில் எதிர்ச்சாரி. அங்கே பவுண்டரி வைத்திருக்கிறவர் ஒரு கிறிஸ்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வந்து, தன்னிடம் ஒரு கோபுரம் கட்ட முடியுமா என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் சம்மதம் சொன்னேன். முதல் நாளே தன் ஆட்களைக் கூப்பிட்டு, இதைச் செய்யப்போவது இவர்தான், இவர் சொல்வதுதான் நடக்க வேண்டும் என்றார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த மனிதருக்கு. ஃபாதர் வந்து ஜெபம் செய்த அன்று மெழுகுவத்தியை மட்டும் மீட்டரை விட்டுத் தள்ளி, வாசலில் ஏற்றச் சொன்னேன்.

கோபுரத்தை வேண்டுமென்றே முன்பக்கம், அண்ணனின் ஆபீஸ் சன்னலுக்கு நேராகக் கட்டினேன். இடம் வசதியாக இருந்தது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். அங்கே நிரப்புகிற சிலிண்டர்களுக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று முதலாளி பெயிண்டரைக் கூப்பிட்டார். என்ன எழுதுவது என்று பெயிண்டர் கேட்டதற்கு, ஆட்கள் எல்லாரும் சொன்ன பெயர் ஒன்றுதான். மஞ்சள் பெயிண்டில் 'அம்மணி' என்று பெரிய எழுத்தில் எழுதினார். சுற்றுவட்டாரப் பட்டறைகளில் அதற்கு அம்மணி கேஸ் என்றே பெயர் ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில் வெளியிலிருந்து வரும் சிலிண்டர் லாரி வரவில்லை. எல்லாப் பவுண்டரியிலும் கோர் வேலை நின்றது, எங்களைத் தவிர யாரிடமும் வாயு இல்லை. அண்ணன் முதலில் ஆள் விட்டார். சிலிண்டர் வந்து சேராததால் அவரே தன் பவுண்டரி கேட் வரைக்கும் வந்து ரோட்டைத் தாண்டிச் சத்தம் போட்டார். நான் கோபுரத்தின் படிமேடையில் நின்றுகொண்டிருந்தேன். லாரி, பஸ் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் தெளிவாக வந்தது.

"டேய், அம்மணி கேஸு ரெண்டு தள்ளிட்டு வாங்கடா. கோரு நிக்குது."

சிலிண்டர் எங்கள் கேட் அருகிலேயே தயாராக இருந்தது. தள்ளப்போன ஆளை நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தப் பெயரைச் சொல்லி அவர் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.